ஓட்டத்துக்கும் மைலேஜ் உண்டு

"10 கி.மீ. எவ்வளவு நேரத்தில் ஓடுவீர்கள்?" ஓட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகாதவரிடமும் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். "ஒரு மணி பத்து நிமிடம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் மனதில் மார்க் போட்டுவிடுகிறார். அந்த 70 நிமிடத்தை ஓடியவருக்கு வயது 28ஆ 61ஆ, ஓடியது ஜனவரியிலா மே மாதத்திலா, நாக்குத் தள்ள ஓடினாரா, பக்கத்தில் வந்தவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓடினாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காமல் போடும் இந்த மார்க்கினால்தான், நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும் பலர் 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்று ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

பரிசுக்காக ஓடுபவர்களுக்குக் கடிகாரம் ஒன்றே போதும். முதலில் வந்தவர் வென்றவர், அவ்வளவுதான். வேலைக்கும் போய்க்கொண்டு வாரத்தில் மூன்று நான்கு நாள் விடியற்காலையில் ஓடுபவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும். அது நமக்குத் தெரியாத கணக்கு அல்ல. பைக் வாங்கப் போகிறவர்களில் "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம், "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்பவர்களே அதிகம். போட்ட பெட்ரோலுக்குக் கிடைத்த தூரம்தான் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும். ஓட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: செலவழித்த உழைப்புக்கு எவ்வளவு வேகம் கிடைத்தது?

## கடிகாரம் காட்டுவது

முதலில் கிடைத்ததைச் சரியாக அளப்போம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு ஓட்டக்காரர்கள் 'பேஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 5 கி.மீ. தூரத்தை 30 நிமிடத்தில் ஓடினால் பேஸ் 6 நிமிடம். எண் குறையக் குறைய வேகம் கூடுகிறது என்பது மட்டும் புதியவர்களைக் கொஞ்ச நாள் குழப்பும்.

பெரிய ஓட்டங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரங்கள் வரும். தொடக்கச் சமிக்ஞை ஒலித்ததிலிருந்து எண்ணுவது ஒன்று. உங்கள் எண் அட்டையில் ஒட்டியிருக்கும் சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது மற்றொன்று. ஆயிரக்கணக்கானோர் நிற்கும் கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் கோட்டை எட்டவே ஐந்து நிமிடம் ஆகிவிடலாம். உங்கள் சொந்தக் கணக்குக்குச் சிப் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்திலும் ஒரு வம்பு இருக்கிறது. மாரத்தான் என்பது 42.195 கி.மீ. (நம் ஊரில் 3 கி.மீ. ஓட்டத்துக்கும் மாரத்தான் என்று பேனர் கட்டுவது தனிக்கதை.) ஓடி முடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் 42.7 என்று இருக்கும். உடனே 'பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்கள்' என்று அமைப்பாளர்கள்மேல் பாய்கிறார்கள். பெரும்பாலும் தப்பு அவர்களுடையது அல்ல. முறைப்படி சான்று பெறும் பாதையை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில் போய் அளக்கிறார்கள். வளைவுகளில் உள்ளோரமாக, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளப்பது விதி. அதற்குமேல், தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நாமோ வளைவுகளில் வெளியோரமாகப் போகிறோம், தண்ணீர் மேசைக்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறோம். கடிகாரத்தின் ஜிபிஎஸ், மேம்பாலத்துக்கு அடியிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் தடுமாறி அந்தத் தூரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிவிடுகிறது. கடிகாரம் காட்டும் பேஸ் உண்மையைவிட அழகாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிப் நேரத்தைச் சான்று பெற்ற தூரத்தால் வகுத்தால் நம்பத்தகுந்த பேஸ் கிடைக்கும். ஆனால் அதற்காக எவ்வளவு செலவானது என்று அது சொல்லாது.

## பெட்ரோல் கணக்கு: இதயத்தில் நடப்பது

ஓடும் தசைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அதை ரத்தம் கொண்டுபோகிறது, ரத்தத்தை இதயம் தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு இரண்டு எண்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 5 லிட்டர்.

மாதக்கணக்கில் நிதானமாக ஓடிவந்தால் இந்தப் பெருக்கலின் இரண்டாவது எண் கூடுகிறது. உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகிறது. இதயத்தின் கீழறை முன்னைவிட நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ளுகிறது. துடிப்புக்கு 100 மில்லிலிட்டர் தள்ளும் இதயத்துக்கு அதே 5 லிட்டருக்கு 50 துடிப்பு போதும். நீண்ட காலம் ஓடுபவர்கள் காலையில் விழித்ததும் படுக்கையிலேயே நாடி பார்த்தால் எண்ணிக்கை குறைவாக இருப்பது இதனால்தான். தசைக்குள்ளும் வேலை நடக்கிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்புகள் பெருகுகின்றன. வந்து சேரும் ரத்தத்திலிருந்து தசை அதிக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது.

உடற்தகுதி என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். அது வெளியே தெரியும் விதம் எளிமையானது: அதே பேஸில் ஓடும்போது துடிப்பு குறைகிறது, அல்லது அதே துடிப்பில் பேஸ் மேம்படுகிறது.

ஒரு கற்பனை ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். போன ஜனவரியில் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் 145 துடிப்பில் ஓடியபோது அவருடைய பேஸ் 7 நிமிடம் 30 விநாடி. இந்த ஜனவரியில் அதே சாலையில், அதே 145 துடிப்பில் 6 நிமிடம் 50 விநாடி. கிலோமீட்டருக்கு 40 விநாடி லாபம். இவர் இந்த ஒரு வருடத்தில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம், ஒரு பதக்கம்கூட வீட்டுச் சுவரில் தொங்காமல் இருக்கலாம். இருந்தாலும் அவர் அடைந்திருப்பது அசல் முன்னேற்றம். 'டைமிங் என்ன?' என்ற கேள்விக்குள் இது அடங்கவே அடங்காது.

## துடிப்பை எப்படிப் பார்ப்பது

மணிக்கட்டுக் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. தளர்வாகக் கட்டியிருந்தால் அது ஏமாறும். சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் எட்டுகளை எண்ணத் தொடங்கிவிடும். நிதானமாக ஓடும்போதே 170 என்று காட்டினால் பயப்படுவதற்குமுன் வாரை இறுக்கிக் கட்டிப் பாருங்கள்.

'220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு' என்ற சூத்திரமும் தாராளமாகப் புழங்குகிறது. அது கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்கிடையே இருபது துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஆகவே பக்கத்தில் ஓடுபவரின் துடிப்போடு உங்களுடையதை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கடிகாரம் இல்லாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், உழைப்பின் கடுமையை உணர்வை வைத்தே சொல்ல 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6இல் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றும். ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய துடிப்பு ஏறத்தாழ வந்துவிடும் என்பதற்காக அப்படி வைத்தார்.

அதைவிட எளிது பேசிப் பார்ப்பது. ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு, மூவேழ் இருபத்தொன்று என்று தொடர்ந்து வந்தால் அது எளிய ஓட்டம். ஒவ்வொரு வரி முடிந்ததும் மூச்சு வாங்கினால் நடுத்தரம். ஈரேழுக்கும் பதினான்குக்கும் நடுவிலேயே நிற்க வேண்டியிருந்தால் நீங்கள் கடினமாக ஓடுகிறீர்கள். எளிய ஓட்டம் நாக்குத் தள்ளும் ஓட்டத்தைவிட மட்டமானது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. மேலே சொன்ன இதய மாற்றங்களில் பெரும்பங்கு எளிய ஓட்டத்தில்தான் உருவாகிறது.

## மே மாதத்தில் யாரும் கெட்டுப்போவதில்லை

இந்தக் கணக்கைக் குலைக்கும் முதல் எதிரி வெப்பம். சென்னையில் ஓடுபவர்கள் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் மனம் உடைந்தே போவார்கள்.

ஓடும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அதை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். ஆக, தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் தோலும் பங்கு கேட்கிறது. வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிராது; அது ஆவியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்து வீணாகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, துடிப்புக்குத் தள்ளப்படும் அளவு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. வேகத்தைக் கூட்டாமலேயே துடிப்பு இப்படி மெல்ல மெல்ல ஏறுவதை 'இதய நகர்வு' என்று சொல்லலாம். ஜனவரியில் 145 துடிப்பில் ஓடிய அதே பேஸுக்கு மே மாதத்தில் 158, 160 ஆகலாம். காலை ஐந்து மணிக்கே 28, 29 டிகிரி இருக்கும் ஊரில் இது இயல்பு. வெப்பத்தில் ஓடி ஓடி, இரண்டு வாரத்தில் உடல் ஓரளவு பழகும். முழுதாக ஜனவரி ஆகிவிடாது.

அதனால் மே மாதத்தைப் போன மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். ஊருக்கும் இதே விதி பொருந்தும். கடல்மட்டத்தில் ஓடிப் பழகியவர் ஊட்டியில், 2,200 மீட்டருக்கு மேல், மூச்சுத் திணறி மெதுவாக ஓடினால் அது பலவீனம் அல்ல. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் குறைவு. சென்னையில் திணறியவர் பெங்களூரின் இளங்குளிரில் நல்ல நேரம் எடுத்துத் திரும்பினால் அதில் அந்த ஊர்க் காற்றுக்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். பேஸ் வரவு, துடிப்பு செலவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மைலேஜ் தெரியும். பாதையும் பருவமும் மாறினால் மைலேஜும் மாறும் என்பதால், ஒன்றுபோன்ற நாட்களை மட்டுமே ஒப்பிடலாம். இனி, மாற்றவே முடியாத ஒன்றுக்கு வருவோம்.

## வயதை என்ன செய்வது

வயது ஏற ஏற உச்சத் துடிப்பு குறைகிறது, தசையும் குறைகிறது. ஐம்பது வயதுக்காரர் தன் முப்பது வயது நேரத்தோடு மல்லுக்கட்டினால் தோல்விதான். இதற்காக 'வயதுத் தர மதிப்பு' என்ற முறை இருக்கிறது. உங்கள் வயதிலும் பாலினத்திலும் உலகில் எட்டக்கூடிய மிகச் சிறந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. மூத்தோர் தடகளத்துக்கான உலக அமைப்பு இதற்கான அட்டவணைகளை வைத்திருக்கிறது. வயதையும் நேரத்தையும் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும் இணையதளங்கள் பல உள்ளன.

தோராயமான முழு எண்களில் பார்ப்போம். 10 கி.மீ. தூரத்துக்கு முப்பது வயது ஆணின் உச்ச நேரம் 27 நிமிடம், 62 வயது ஆணுக்கு 33 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் 52 நிமிடத்தில் ஓடுகிறான்: 27ஐ 52ஆல் வகுத்தால் 52 சதவீதம். அப்பா 60 நிமிடத்தில் வருகிறார்: 33ஐ 60ஆல் வகுத்தால் 55 சதவீதம். எட்டு நிமிடம் பின்னால் வந்த அப்பாதான் சிறந்த ஓட்டக்காரர்.

இந்த அட்டவணையின் மேல்முனை எப்படி இருக்கும் என்பதற்குக் கனடாவின் எட் விட்லாக் நல்ல உதாரணம். 2004இல் டொரண்டோவில், 73 வயதில், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். இளைஞர்களில் மிகப் பலருக்கு எட்டாத நேரம் அது.

ஒரு எச்சரிக்கை: சதவீதம் உங்களைப் பிறரோடு ஒப்பிடுகிறது. உங்களோடு உங்களை ஒப்பிட அதை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

## தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது

10 கி.மீ. தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடுபவர், 21.1 கி.மீ. அரை மாரத்தானை 2 மணி 7 நிமிடத்தில் முடிக்கலாம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்கிறார். 2 மணி 12 நிமிடம் ஆனதும் வாடிப்போகிறார். வாட வேண்டியதில்லை. அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977இல் வெளியிட்ட எளிய சூத்திரத்தின்படி, தூரம் இருமடங்கானால் நேரம் சுமார் 2.08 மடங்காகும். அந்தக் கணக்கில் இவருக்கு வர வேண்டிய நேரமே 2 மணி 12 நிமிடம்தான். முழு மாரத்தானுக்கு மட்டும் இந்தச் சூத்திரத்தை நம்பி இறங்காதீர்கள். நீண்ட ஓட்டப் பயிற்சி குறைவாக உள்ளவர்களுக்கு அது காட்டும் நேரம் ஆசை காட்டி மோசம் செய்வதுதான்.

## பெட்ரோல் பில்லைக் காட்டிப் பெருமைப்படுவது

"இந்த மாதம் 200 கி.மீ. ஓடிவிட்டேன்", "100 நாளாக ஒருநாள்கூட விடவில்லை" என்ற அறிவிப்புகளை எல்லாரும் பார்த்திருப்போம். இவை செலவுக் கணக்குகள். எவ்வளவு பெட்ரோல் போட்டோம் என்பதற்கும் வண்டி எவ்வளவு கொடுத்தது என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே மறந்துபோகிறது. எண்ணிக்கைக்காக ஓடும் மாதக் கடைசி ஓட்டங்களில்தான் காயங்கள் வாசலில் காத்திருக்கின்றன. காரணம் எளிது. இதயமும் ரத்தமும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். 'மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாம்' என்று தோன்றும் நேரத்தில் முன்கால் எலும்பும் குதிகால் நாணும் இன்னும் தயாராகியிருப்பதில்லை.

என்னைக் கேட்டால், தொடக்கத்தில் இருப்பவர் எண்ண வேண்டிய எண் ஒன்றே ஒன்று: காயத்தால் தடைபடாமல் கழிந்த வாரங்கள். ஓய்வு நாட்களும் அதில் அடக்கம்.

## மாதம் ஒரு சோதனை

ஒரு நாளின் எண்ணை நம்பாதீர்கள். முந்தைய இரவு தூக்கம் கெட்டிருந்தாலோ, சளி பிடிக்கத் தொடங்கியிருந்தாலோ, கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஓடினாலோ துடிப்பு ஐந்து பத்து கூடிவிடும்.

மாதம் ஒருமுறை, ஒரே பாதையில், ஒரே நேரத்தில் சோதித்தால் போதும். மெரினாவில் ஓடுபவர் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பலாம். மேடு பள்ளம் இல்லாத பாதை. முதல் பத்து நிமிடம் உடலைச் சூடாக்க விட்டுவிட்டு, பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த துடிப்பிலோ வாய்ப்பாடு தடையின்றி வரும் வேகத்திலோ ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்க்கும் கூப்பர் சோதனையும் புகழ்பெற்றது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் அறிமுகப்படுத்தியது. அது முழு மூச்சில் ஓட வேண்டிய சோதனை என்பதால் புதியவர்களுக்கும் நெஞ்சுவலி, மயக்கம் போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல. அவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் எந்தக் கடின ஓட்டத்திலும் இறங்க வேண்டாம்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஓடுபவருக்கு இந்தச் சோதனைகூட இரண்டாம்பட்சம்தான். அவருடைய மதிப்பெண் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும் என்பதால், அதை வாராவாரம் எடுத்துப் பார்ப்பதிலும் பயனில்லை.

குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பாதை, தொடங்கிய நேரம், வெப்பநிலை, பேஸ், துடிப்பு, இரவு தூக்கம் எப்படி என்று ஒரு வரி. முதல் மூன்று மாதக் குறிப்புகள் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும். ஜனவரியில் தொடங்கியவர்கள் ஜூன் வரை பேஸ் மோசமாவதைக் காணவும் கூடும். அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த ஜூன் மாதம் ஒப்பிட அவைதான் தேவைப்படும்.